சொல்தா வாங்கிய ரோட்டு டயர்

காரைக்காலில் டயர் வாங்குவதற்கு யாரும் மாதக்கணக்கில் யோசிப்பதில்லை. தேய்ந்தால் மாற்றுவார்கள். கை வறண்ட நேரமென்றால் தேய்ந்ததற்கே புது ரப்பர் ஒட்டி ஓட்டுவார்கள். சொல்தா ஓகுஸ்தேன் மட்டும் எண்பத்தோராம் வருஷத்துக் கோடை முழுவதும் தன் ஜீப்புக்கு எந்த டயர் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு யோசிக்கமாட்டான் என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. அவர் யோசித்ததும் பெண்ணைப் பற்றித்தான்; ஆனால் அது அவர் பெற்ற பெண்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு இருபது வருஷம் ஈஸிசேரில் படுத்துக் கிடந்தாலும் அந்தப் பட்டம் போகாது. ஓகுஸ்தேன் ஈஸிசேர் சொல்தா இல்லை. இந்தோசீனாவில் லாரி ஓட்டியவர், அல்ஜீரியாவின் மணலில் ஜீப் ஓட்டியவர். அறுபத்தைந்தாம் வருஷம் ஊர் திரும்பியபோது கால் தரையில் பாவவில்லை. மதராஸில் மிலிட்டரி ஏலத்துக்குப் போய் ஒரு பழைய ஜீப்பை எடுத்து வந்தார். முன்சக்கரம், பின்சக்கரம் நான்கும் சேர்ந்து இழுக்கிற ஜீப். சந்தைக்கும் மாதா கோவிலுக்கும் போய்வர இந்த அசுரன் எதற்கு என்று அவர் மனைவி மார்த் கேட்டாள். ஐப்பசி பிறந்ததும் அவளே பதிலைத் தெரிந்துகொண்டாள்.

ஐப்பசியில் குரும்பகரம், நெடுங்காடு, சுரக்குடிப் பக்கத்து வாய்க்கால் கரைகளில் மாட்டுவண்டி அச்சுவரைக்கும் புதையும். டாக்டர் வரமாட்டார், வாடகைக் கார்க்காரன் காது கேளாதவனாகிவிடுவான். அப்போது ஓகுஸ்தேன் வீட்டு வாசலில் யாராவது குடையும் சைக்கிளுமாக வந்து நிற்பார்கள். பிரசவம், பாம்புக்கடி, கட்டிலோடு தூக்கவேண்டிய கிழவர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவர் உடனே சாவியை எடுப்பார். கட்டைவிரல் பருமனுக்குப் பட்டன் பட்டனாக ரப்பர் வைத்த சேற்று டயர், நான்கு சக்கரத்திலும். சேற்றை அது கடித்துப் பிடித்துக்கொண்டு ஏறும். போன இடத்தில் உலர்ந்த துண்டும் சூடான காப்பியும் கொடுத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். கூலி என்று அவர் கைநீட்டியது கிடையாது. ஒரு பூசணிக்காயையோ இரண்டு மரக்கால் புது நெல்லையோ ஜீப்பின் பின்னால் வைத்துவிடுவார்கள். மார்த் எழுபத்துநாலில் இறந்த பிறகு, அவர் வாய்விட்டு நாலு வார்த்தை பேசியது அந்த மழைமாத வீடுகளில்தான். மழை நின்றால் அவருக்கு மனிதர்களும் நின்றுபோவார்கள். சமைத்துப் பெருக்கிப் போக வருகிற காசியம்மாவைத் தவிர, தை முதல் புரட்டாசிவரை அந்த வாசல்படி ஏற ஆள் கிடையாது.

ஆக, டயர் தேய்ந்தால் மறுபடி பட்டன் டயர்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தது. ஆகஸ்டில் ஷந்தால் வருகிறாள் என்று செய்தி வந்திருந்தது.

ஷந்தால் அவருடைய ஒரே மகள். பட்டாளத்துக்காரன் பிள்ளை எப்படி வளருமோ அப்படித்தான் வளர்ந்தாள். ஒரு லீவில் அவர் வந்தபோது தொட்டிலில் கிடந்தாள். அடுத்த லீவில் நடந்தாள். அதற்கடுத்த லீவில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ வந்துருக்காங்க" என்றாள். அவர் ஒரேயடியாக ஊர் திரும்பிய மூன்றாம் வருஷமே நர்ஸ் படிப்புக்கென்று பிரான்சுக்கு, மார்த்தின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பெற்றவரும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அந்தக் கொஞ்ச காலம்தான்.

அந்தக் கொஞ்ச காலத்துக்கும் அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சுதான் பேசவேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த வீடுகள் பலவற்றிலும் அந்தச் சட்டம் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதில் பிள்ளைப் பாசமும் இருந்தது. ஓகுஸ்தேனின் பிரெஞ்சு, பட்டாளக் குடியிருப்பான பாரக்ஸில் பொறுக்கிய பிரெஞ்சு. அவர் வாயைத் திறந்தால் ஆபீசர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். தன் மகளைப் பார்த்து எவனும் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அதனால் மேசையில் பிரெஞ்சு, சமையற்கட்டில் தமிழ் என்று வீடு இரண்டாகப் பிரிந்தது. மேசையில் மூன்று பேரும் உப்பைக் கேட்டு, ரொட்டியைக் கொடுத்து, நன்றி சொல்லி முடிப்பார்கள். பிறகு தாயும் மகளும் சமையற்கட்டுக்குள் போவார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவர் கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மார்த் இறந்தபோது ஷந்தால் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ரோழே என்கிற பிரெஞ்சுக்காரனைக் கட்டியிருந்தாள். அவனும் கூட வந்திருந்தான். திரும்பிப் போகும்போது பாண்டிச்சேரிவரை ஓகுஸ்தேன்தான் ஜீப்பில் கொண்டுபோய் விட்டார். பட்டன் டயர் சேற்றில் சாது. தார் ரோட்டில் ஏறினால் ஊளையிடும். நாற்பது மைல் வேகத்தில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. சிதம்பரம் தாண்டி ஓரிடத்தில் ஷந்தால் அவர் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னாள். "என்ன?" என்று கேட்டார். மறுபடி சொன்னாள். மறுபடியும் "என்ன?" என்றார். அவள் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

தாயைப் புதைத்த மண் காயாத நேரத்தில் ஒரு மகள் அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பாள்? ஏழு வருஷமாக அந்தக் கேள்வி அவருடைய வீட்டில் ஒரு ஆளைப்போல உட்கார்ந்திருந்தது. நாளாக ஆக ஒரு முடிவுக்கு வந்தார். குற்றம் தன்மேல் இல்லை, அவள்மேலும் இல்லை; டயர்மேல். தனிமையில் இருப்பவர்கள் இப்படி ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் விடுவதில்லை. நாமாக இருந்தாலும் விடமாட்டோம்.

இந்தத் தடவை மதராஸ் மீனம்பாக்கத்திலிருந்து காரைக்கால்வரை, கிட்டத்தட்ட ஒரு பகல் முழுவதும், அவளும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறார்கள். டயர் மட்டும் வாயை மூடிக்கொண்டு வந்தால் எவ்வளவு பேசலாம்.

ஆனாலும் அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை. தார் ரோட்டுக்கென்றே செய்த, பட்டன் இல்லாத ரோட்டு டயர் போட்ட ஜீப்பில் நிஜமாகவே பேச்சு கேட்குமா என்று சோதித்துப் பார்த்தார். திருநள்ளாறிலிருந்து தினமும் அப்படி ஒரு அரசாங்க ஜீப் வந்துபோகும். அதன் டிரைவர் சோமசேகரனிடம் ஒருநாள் இடம் கேட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி வேகம் எடுத்ததும், ரகசியம் பேசுகிற குரலில், "தம்பி, நான் பேசுறது கேக்குதா?" என்றார்.

"கேக்குதுங்க."

இன்னும் குரலைத் தாழ்த்தினார். "இப்ப?"

"கேக்குதுங்கய்யா. என்னா விஷயம், சொல்லுங்க."

"விஷயம் ஒண்ணும் இல்ல. கேக்குதான்னு பாத்தேன்."

சோமசேகரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். மறுநாள் கடைத்தெருவுக்குச் சிரிக்க இன்னொரு கதை கிடைத்தது.

சேக் அலாவுதீனின் டயர் கடை பெரிய கடைத்தெருவில் இருந்தது. ஓகுஸ்தேனுக்காகத் திருச்சியிலிருந்து பட்டன் டயர் ஒரு செட் வரவழைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. புது ரப்பர் வாசனை வாசல்வரை அடித்தது. ஓகுஸ்தேன் குனிந்து ஒரு பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். நல்ல ஆழம். எந்த வாய்க்கால் கரையையும் இது ஏறிவிடும். ஆசையாகத் தடவிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து, "ரோட்டு டயர் இருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கு முசே?" ஐயா என்பதை அலாவுதீன் பிரெஞ்சில்தான் சொல்வார்.

"எனக்குத்தான்."

"முசே, நாலு சக்கரமும் இழுக்குற வண்டிக்கு ரோட்டு டயரா? மீசைய மழிச்சுட்டுப் பட்டாளத்துக்குப் போன கதையால்ல இருக்கு."

அந்த நேரம் பார்த்துக் குரும்பகரத்து உத்திராபதி டிராக்டர் டியூபுக்குப் பஞ்சர் மருந்து வாங்க வந்து நின்றார். நான்கு வேலி நிலத்தைப் பயிரிடும் மனிதர். அவர் அம்மாவை ஒரு மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குச் சுமந்து வந்ததே இந்த ஜீப்தான். பேச்சைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"என்னாங்க சொல்தாய்யா, ரோட்டு டயர் போட்டா எங்க பக்கம் எப்படி வருவீங்க? எம் மருமவ பங்கஜவல்லிக்குக் கார்த்தியல நாளு. உங்களத்தானே நம்பிக்கிட்டு இருக்கோம்."

ஓகுஸ்தேன் மறுபடி குனிந்து பட்டன் டயரைத் தடவினார். உத்திராபதி சமாதானத்துக்கு இறங்கினார்.

"சரிங்க, ஒண்ணு பண்ணுங்களேன். முன்னால ரெண்டு ரோட்டு டயரு, பின்னால ரெண்டு பட்டன் டயரு. டிராக்டரு அப்படித்தானே முன்ன சின்னதும் பின்ன பெருசுமா ஓடுது."

"டிராக்டருல இழுக்குறது பின்சக்கரம் மட்டுந்தான். இதுல நாலும் இழுக்கும்ல. நாலும் ஒரே டயரா இருக்கணும். இல்லன்னா முன்ன ஒரு வேகம் பின்ன ஒரு வேகம்னு ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி உள்ள இருக்குற கியர் பல்லையெல்லாம் கடிச்சுத் துப்பிடும். போட்டா அஞ்சும் இது, இல்ல அஞ்சும் அது."

"அப்ப மகளக் கூட்டியாந்து விட்டுட்டு ஐப்பசில மாத்திக்கிடுங்க" என்றார் உத்திராபதி.

அலாவுதீன் தலையை ஆட்டினார். "இந்த செட்ட இப்ப விட்டா நாளைக்கே வேற ஆளு தூக்கிருவாங்க. ஜீப்புக்குப் பட்டன் டயரு அவ்ளோ கிராக்கி. அடுத்தது தைக்குத்தான் வரும். நல்லா யோசிச்சுக்கிடுங்க முசே."

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அன்றைக்கு அவர் நிலைமை அதுதான். ஒரு பக்கம் வருஷத்தில் சில மாதங்களாவது அவரை மனிதராக நடத்துகிற வீடுகள். மறுபக்கம் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மகள். இரண்டு செட்டும் வாங்கப் பென்ஷன் பணம் காணாது. கடைக்கு மூன்று நடை நடந்தார். நான்காம் நடையில் ரோட்டு டயர் ஐந்தையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார். உத்திராபதியின் கண்ணில் படாமல் இருக்க அன்றைக்குக் கோட்டுச்சேரி வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்று சொல்வார்கள். அதை நான் நம்புகிறேன்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் மழை கொட்டியபோது பங்கஜவல்லியை டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஆண் குழந்தை, ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு ஜீப் இல்லாமலும் காரியம் நடந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் ஓகுஸ்தேன் வாசலில் ஒரு சைக்கிள்கூட வந்து நிற்கவில்லை. குழந்தை பிறந்ததே காசியம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

ஆனால் ஆகஸ்டில் அவர் மழையைப் பற்றி நினைக்கவில்லை. புது டயர் மாட்டிய ஜீப்பைத் தரங்கம்பாடி ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. காற்றின் சத்தமும் என்ஜின் சத்தமும்தான், ஊளை இல்லை. காலியாக இருந்த பக்கத்துச் சீட்டைப் பார்த்து, பேசப்போவதையெல்லாம் பிரெஞ்சில் ஒத்திகை பார்த்தார். பிரயாணம் எப்படி இருந்தது? வேலை எப்படி இருக்கிறது? ரோழே நலமா? மூன்று கேள்வி முடிந்ததும் சரக்கு தீர்ந்துவிட்டது. அவள் ஏதாவது சொல்வாள், அதற்குப் பதில் சொன்னால் போகிறது என்று தேற்றிக்கொண்டார். வீட்டையும் விடவில்லை. மெத்தையை உதறிப் போட்டார். காசியம்மாவிடம் மார்த் வைக்கிற மாதிரி மீன் குழம்பு வைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று புளியைக் கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார். "நீங்க கூடத்துக்குப் போங்கய்யா, நான் பாத்துக்குறேன்" என்று அவள் விரட்டும்படி ஆயிற்று.

முதல் நாளே மதராஸ் போய் லாட்ஜில் தங்கிவிட்டு, காலையில் மீனம்பாக்கத்தில் நின்றார். பம்பாய் விமானத்திலிருந்து இறங்கிய கூட்டத்தில் அவளை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். கையில் ஒரே ஒரு பெட்டி. பின்னால் ரோழே வருகிறானா என்று அவர் எட்டிப் பார்த்தார்.

இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். "தனியாகத்தான் வந்தேன், பப்பா" என்றாள் பிரெஞ்சில். அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் பிரெஞ்சுதான். மேசைச் சட்டம் அவர்களோடு மேசையை விட்டு வெளியே வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஜீப் கிளம்பியது. பிரயாணம் எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றாள். வேலை எப்படி என்று கேட்டார். அப்படியேதான் என்றாள். ரோழே பற்றிய கேள்வியை ஏனோ கேட்கவில்லை. செங்கல்பட்டு வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள். திண்டிவனத்தில் காப்பி குடித்தார்கள். மறுபடி தூங்கினாள். டயர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. தூங்கட்டும், களைப்பு, சத்தம் இல்லாததால்தானே இப்படித் தூங்கமுடிகிறது என்று அவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம். குழந்தையாக அவள் தூங்கியதை அவர் அதிகம் பார்த்ததில்லை.

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் கண்ணை விழித்து உட்கார்ந்தாள். சீர்காழி போயிற்று. ரோட்டின் இரண்டு பக்கமும் குறுவை பச்சையாக நின்றது. கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், குரலை உயர்த்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"பப்பா, ரோழேயும் நானும் பிரிந்துவிட்டோம். போன குளிர்காலமே. உங்களுக்கு எழுத வரவில்லை. நேரில் சொல்லவேண்டும் என்றுதான் வந்தேன்."

எல்லாம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. 'என்ன?' என்று கேட்க வழியில்லாமல் கேட்டது.

அவருக்கு ஜீப்பை ஓரமாக நிறுத்தி அவள் தலையைப் பிடித்து நெஞ்சில் சாய்த்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. ஆனால் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. ஏதாவது சொல்லவேண்டும். பிரெஞ்சில் சொல்லவேண்டும், அவளோடு அவருக்கு வேறு மொழி பழகவே இல்லை. தேடினார். பாரக்ஸ் பிரெஞ்சில் முன்னே போ இருந்தது, நில் இருந்தது, எண்ணெய், ரேஷன், பாலம், பள்ளம் எல்லாம் இருந்தது. புருஷனைப் பிரிந்து ஒற்றைப் பெட்டியோடு வந்த மகளிடம் சொல்ல அதில் ஒரு வார்த்தை இல்லை. கூட இருந்த சிப்பாய் செத்தபோதுகூட ஆபீசர்தான் பேசினார். இவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வாய் திறந்துவிட்டது, ஏதாவது வந்தாக வேண்டும். எது கைக்கெட்டியதோ அது வந்தது.

"இந்த டயர்கள் புதியவை," என்றார். "சத்தம் இல்லை. கவனித்தாயா?"

ஷந்தால் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று பார்த்திருக்கலாம்.

"ஆமாம், பப்பா. கவனித்தேன்" என்றாள். பிறகு மறுபடி வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடப் பாவி மனிதா என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்கும் அதுதான் தோன்றியது. திருக்கடையூர் வந்தது, பொறையாறு வந்தது, நண்டலாற்றுப் பாலம் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து மூடினார். பட்டன் டயராக இருந்திருந்தால் அந்த ஊளையில் ஒளிந்துகொண்டிருக்கலாம். இதில் ஒளிய இடமில்லை. வீடு வந்து சேர்ந்தது.

அவள் பத்து நாள்போல இருந்தாள். மார்த்தின் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்தாள். கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தாள். மேசையில் உப்பைக் கேட்டார்கள், கொடுத்தார்கள், நன்றி சொன்னார்கள். ஒருநாள் மத்தியானம் ஓகுஸ்தேன் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது சமையற்கட்டில் பேச்சுக் கேட்டது. ஷந்தால் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் பேசிய தமிழ். துருப்பிடித்து, பாதி வார்த்தை கழன்று கிடந்தது.

"அவரு போயிட்டாரு காசி. வேற பொண்ணு. நான் தனியா."

"போறான் விடும்மா" என்றாள் காசியம்மா. ஆய்ந்துகொண்டிருந்த மீனைக்கூடக் கீழே வைத்திருக்கமாட்டாள். "ஒன்ன வேணாம்னு போனவனுக்குக் கண்ணு இல்லன்னு அர்த்தம். நீ எதுக்கு இப்படி எலும்பா தேஞ்சு போயிருக்க? இந்தா, இந்த வறுத்த துண்டத் தின்னு. ஆளில்லாத ஊருல அழுவறதுக்குக்கூட நாதி இல்லாம இருந்திருப்ப. இங்க அழுதுட்டுப் போ."

அவள் அழுதாள். நன்றாகவே அழுதாள். கூடத்தில் இருந்தவருக்கு அதுவும் தெளிவாகக் கேட்டது. எவ்வளவு சுலபமான வார்த்தைகள். அத்தனையும் அவருக்கும் தெரிந்த வார்த்தைகள்தான். எழுந்து சமையற்கட்டு வாசல்வரை போனார். ஷந்தால் சின்னப் பலகையில் உட்கார்ந்து காசியம்மா மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். மீன் நாற்றக் கை தலையில் படாமல் இருக்கக் காசியம்மா முழங்கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் வந்த வழியே திரும்பினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார். குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கம்மா" என்றார் தமிழில். ஷந்தால் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "மெர்சி, பப்பா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். அவள்மேல் தப்பு இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்தால் அவள் வாய்க்கு அதுதான் வரும். அப்படிப் பழக்கியவர் அவர். மறுபடி முயற்சி செய்ய அவருக்குத் தைரியம் வரவில்லை.

புறப்படுகிற நாளில் காசியம்மா வாசலில் நின்று ஷந்தால் காதில் என்னவோ சொன்னாள். இவர் டயருக்காகக் கடைக்கு நடையாய் நடந்த கதையையும், அரசாங்க ஜீப்பில் ஏறி 'கேக்குதா, கேக்குதா' என்று கேட்ட கதையையும்தான் சொல்லியிருக்கவேண்டும். ஊரே சிரித்த கதை ஆயிற்றே. மதராஸ் போகும் வழியெல்லாம் ஷந்தால் தூங்கவில்லை. இரண்டு மூன்று தடவை அப்பாவின் கையைப் பார்த்தாள்; ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கிழக் கை.

மீனம்பாக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்தார். கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். திரும்பி வந்து ஜீப்பின் முன்சக்கரத்தின்மேல் கையை வைத்து, அந்தத் துருப்பிடித்த தமிழில், வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"டயரு நல்லா இருந்துச்சு பப்பா. சத்தமே இல்ல. நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சும்மா" என்றார்.

அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். அவர் மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்றுதான் நின்றிருப்பாள். பின்னால் ஒரு டாக்சிக்காரன் வழிவிடச் சொல்லி ஹார்ன் அடித்தான். ஓகுஸ்தேன் ஜீப்பை நகர்த்தினார். நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் உள்ளே போயிருந்தாள்.

செங்கல்பட்டு தாண்டியது. ஏரிக்கரை ரோட்டில் வண்டி சீராக ஓடத் தொடங்கியதும் பக்கத்துச் சீட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பிரெஞ்சில் இல்லை. "எப்பம்மா பிரிஞ்சீங்க? ஏன் எனக்கு ஒரு வார்த்த சொல்லல? குளிர்ல தனியா எப்படிம்மா இருந்த? காச்சல் வந்தா யாரு வெந்நி வச்சுத் தருவா? அவன் கெடக்குறான். ஒனக்கு வீடு இருக்கு, நான் இருக்கேன். அங்க யாரும் இல்லன்னா இங்க வந்துரு. எனக்கும் யாரும் இல்லம்மா. ஒங்கம்மா போனதுலேருந்து நானும் யார்கிட்டயும் பேசல." திண்டிவனம், கடலூர், சிதம்பரம் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. பேச்சு நிற்கவில்லை. இருபது வருஷத்துப் பேச்சு. சீர்காழி தாண்டி, அவள் அன்றைக்குப் பிரிவைச் சொன்ன வயல்வெளி வந்ததும் வேகத்தைக் குறைத்தார். பேச்சை மட்டும் விடாமல் சொல்லி முடித்தார். டயர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. சொன்னது அத்தனையும் அவருக்கே தெளிவாகக் கேட்டது.